கிடங்கில் ஓடும் வண்டி, விழும் சரக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் லோடு இறக்குபவனாக, அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநராக, கடைசியில் ஷிப்ட் சூப்பர்வைசராகக் கிடங்குகளில் வேலை பார்த்தவன் நான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்டது, அடிபட்டவர்களின் வீட்டார் கேட்டது, சில சமயம் முதலாளிமார் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது என்று எல்லாம் கலந்துதான் கீழே இருக்கிறது.

கிடங்கில் ஆளுக்கு அடிபடுவது பெரும்பாலும் எந்த இடத்தில்?

மூன்று இடங்களைச் சொல்வேன். ஒன்று, ரேக் (சரக்கு அடுக்கும் உயரமான இரும்பு அலமாரி) வரிசை முடிகிற முனை. இரண்டு ரேக் வரிசைக்கு நடுவே உள்ள சந்திலிருந்து வண்டி வெளியே வரும், குறுக்கே ஆள் நடந்து வருவார். இருவருக்கும் நடுவே ரேக் மறைக்கும். இரண்டு, லாரி வந்து நிற்கிற டாக். மூன்றாவது, வண்டிக்கும் அசையாத ஏதோ ஒன்றுக்கும் இடையில் இருக்கிற ஒரு முழ இடைவெளி. அந்த அசையாத பொருள் சுவர், தூண், ரேக், இன்னொரு வண்டி என்று எதுவாகவும் இருக்கலாம். "ரெண்டு நொடி, நான் புகுந்து போயிடறேன்" என்று சொல்லும் இடம் அதுதான்.

மேலிருந்து சரக்கு விழுவது இந்த மூன்றிலும் சேராது. அது எந்தச் சந்திலும் நடக்கும். அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், கீழே வருகிறது.

ஃபோர்க்லிஃப்ட் மெதுவாகத்தானே போகிறது? அதில் அப்படி என்ன ஆபத்து?

வேகத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். 2,500 கிலோ தூக்கும் சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே 3,500 முதல் 4,000 கிலோ வரை இருக்கும். முன்னால் தூக்குகிற பாரத்துக்கு எதிர்ப்பாரமாகப் பின்னால் இரும்புப் பாளத்தை வைத்திருக்கிறார்கள். முழு லோடோடு வந்தால் ஆறு டன்னுக்கு மேல்.

மணிக்கு 10 கி.மீ. என்றால் நொடிக்கு 2.8 மீட்டர். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வண்டி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வந்துவிட்டது. அதற்கப்புறமும் சட்டென்று அழுத்த முடியாது. ஃபோர்க்கின் (முன்னால் நீட்டியிருக்கும் இரட்டைக் கவை) மேல் இருக்கிற பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) எதுவும் கட்டிவைத்திருக்கவில்லை. வண்டி நின்றால் சரக்கு மட்டும் முன்னால் போகும். எனவே நல்ல ஓட்டுநர்கூட உங்களுக்காக வண்டியைச் சட்டென நிறுத்த முடியாத நிலையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று, இது பின்சக்கரத்தால் திரும்புகிற வண்டி. காரில் முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் தொடர்ந்து வரும். இதில் முன்பக்கம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, பின்பக்கம் வீசிக்கொண்டு வெளியே வரும். வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் நின்றுகொண்டு ஓட்டுநரிடம் பேசுபவரை நான் எப்போது பார்த்தாலும் தோளைப் பிடித்து இழுத்துவிடுவேன். மரியாதை எல்லாம் அப்புறம்.

பேட்டரி வண்டி என்றால் சத்தமும் கிடையாது. இரைச்சலான ஹாலில் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் வரை தெரியாது.

வண்டி கவிழ ஆரம்பித்தால் குதித்துவிடலாமா?

உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியில் குதிக்கவே கூடாது. உடம்பு குதிக்கச் சொல்லும், அதுதான் பிரச்சினை. நீங்கள் குதிக்கிற பக்கம்தான் வண்டியும் சாயும். தலைக்கு மேலே உள்ள கூரைச் சட்டம் உங்களைவிட வேகமாகத் தரைக்கு வரும். பெல்ட் போட்டிருங்கள், ஸ்டீயரிங்கை இறுகப் பிடியுங்கள், கால்களை ஊன்றிக்கொள்ளுங்கள், விழுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாயுங்கள். பின்பக்கம் திறந்த, நின்றபடி ஓட்டுகிற வண்டிகளுக்கு விதி வேறு. அதில் பின்னோக்கி இறங்கி விலகிவிட வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கவிழ்கிற நேரத்தில் யோசிக்க முடியாது.

லோடு இல்லாத வண்டி கவிழாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் திருப்பத்தில் பக்கவாட்டில் கவிழ்வதற்குக் காலி வண்டிதான் ரொம்ப வசதியானது. முன்சக்கரம் இரண்டும் பின் அச்சின் நடுப்புள்ளியும் சேர்ந்த ஒரு முக்கோணத்தின் மேல்தான் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடு இருந்தால் எடையின் மையம் முக்கோணத்தின் அகலமான முன்பக்கம் வரும். காலியாக இருந்தால் பின்னால் குறுகிய முனைப் பக்கம் போய்விடும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் காலி வண்டியை வீட்டுக்குப் போகிற அவசரத்தில் திருப்புவது எவ்வளவு வம்பு என்று இப்போது புரியும்.

வண்டியில் 2,000 கிலோ என்று எழுதியிருக்கிறது. 1,900 கிலோ தூக்கினோம், பின்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது. எப்படி?

வண்டியில் இருக்கிற எடைத் தகட்டை முழுக்கப் படிக்கவில்லை என்று அர்த்தம். 2,000 கிலோ என்பதன் பக்கத்தில் 500 மி.மீ. என்று ஓர் எண் இருக்கும். ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து லோடின் மையம் 500 மி.மீ. தள்ளி இருந்தால்தான் அந்த 2,000 என்று பொருள். ஒரு மீட்டர் நீளப் பேலட்டுக்கு அது சரி. 1,400 மி.மீ. நீளமான பெட்டி என்றால் மையம் 700 மி.மீ.க்குப் போய்விடுகிறது.

இது சீசா கணக்குதான். முன் அச்சிலிருந்து ஃபோர்க் முகப்பு வரை 400 மி.மீ. என்று கொள்வோம். 2,000-ஐ 900 ஆல் பெருக்கி 1,100 ஆல் வகுத்தால் சுமார் 1,640 கிலோ. உங்கள் 1,900 அங்கேயே தோற்றுவிட்டது. உயரே தூக்கத் தூக்கவும், ஃபோர்க்கில் வேறு இணைப்புகள் மாட்டினாலும் இன்னும் குறையும். இந்தக் கணக்கு புரிந்துகொள்ளத்தான். தூக்குவதற்குத் தகட்டில் உள்ள அட்டவணையை மட்டும் நம்புங்கள். தகடு தேய்ந்து படிக்க முடியவில்லை என்றால், அந்த வண்டி எவ்வளவு தூக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

பின்னால் இரண்டு பேரை ஏற்றி உட்கார வைத்து எடையைச் சமன் செய்கிற வழக்கத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

சரிவில் ஏற்றும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

லோடு இருந்தால், ஏறினாலும் இறங்கினாலும் லோடு மேட்டுப் பக்கம். அதாவது இறங்கும்போது ரிவர்ஸில் இறங்க வேண்டும். காலியாக இருந்தால் ஃபோர்க் பள்ளத்துப் பக்கம். சரிவின் நடுவில் திருப்பாதீர்கள்.

மேலிருந்து சரக்கு ஏன் விழுகிறது? யாரோ சரியாக வைக்காததாலா?

"சரியாக வைக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். ரேக்குகள் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை நிற்கும் அல்லவா? ஒரு நாள் நான் ஒரு சந்தில் ஸ்டாக் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தில் வண்டி எதுவும் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. தலைக்கு மேலே மரம் உரசுகிற மாதிரி ஒரு சின்ன சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் மட்டத்தில் இருந்த பேலட் என் பக்கமாக நகர்ந்து வருகிறது. யாரும் தொடாமல், தானாக. இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். நான் எழுதிக்கொண்டிருந்த அட்டை நின்ற இடத்திலேயே கிடந்தது, அதன் மேல் நான்கு பெட்டிகள் வந்து விழுந்தன. ஒன்று வெடித்து, உள்ளே இருந்த பெயின்ட் டப்பா என் பேன்ட் வரை தெறித்தது.

நடந்தது இதுதான்: பின்பக்கத்துச் சந்தில் ஓர் ஓட்டுநர் தன் பேலட்டைக் கொஞ்சம் ஆழமாகச் செருகிவிட்டார். அது முதுகுப் பக்கம் இருந்த என் சந்துப் பேலட்டைத் தள்ளியது. அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் வேலை சுத்தமாக முடிந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. "யார்டா பார்க்காம வச்சது" என்று கத்தினார்கள். ஆறு மீட்டர் உயரத்தில் பேலட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கீழே உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பார்ப்பார்? இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சட்டமோ கம்பி வலையோ போட்டிருந்தால் அந்த பேலட் நகர்ந்தே இருக்காது. பிறகு போட்டார்கள்.

மற்ற காரணங்களும் பழக்கமானவைதான். பேலட்டின் அடிப்பலகை உடைந்திருக்கும். தரையில் வைத்தால் தெரியாது, ரேக்கில் பேலட்டைத் தாங்குகிற பீம் மேல் வைத்தால் மெதுவாக வளையும். ஸ்ட்ரெச் ஃபிலிம் (இழுத்துச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாள்) சரக்கைச் சுற்றியிருக்கும், பேலட்டைச் சுற்றியிருக்காது. முதல் சில சுற்றுகள் பலகையையும் சேர்த்துப் பிடிக்கவில்லை என்றால் சரக்கு ஒரே கட்டாக வழுக்கி வரும். அட்டைப்பெட்டிக்கு வலு அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலை மேல் மூலை உட்காராமலோ, பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டோ அடுக்கினால் வலு போய்விடும். ஈரக்காற்று பட்ட அட்டை இன்னும் மோசம்: அடுக்கிய அன்று நிற்கும், சில வாரம் கழித்து ஒரு பக்கமாகக் குந்தும். அடுக்கியவர் அப்போது வேறு ஷிப்டில் இருப்பார்.

ஹெல்மெட் போட்டிருந்தால் போதாதா?

போதாது. ஹெல்மெட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள் என்கிறேன். தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான இ.என். 397 என்ற ஐரோப்பியத் தரத்தில், 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள். மோதலின் ஆற்றலாகச் சொன்னால் அது 49 ஜூல். 10 கிலோ பெட்டி ஒன்று ஆறு மீட்டரிலிருந்து விழுந்தால் சுமார் 590 ஜூல், அதாவது பன்னிரண்டு மடங்கு. தலைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 39 கி.மீ. இருக்கும். மேலே கிளம்பியதிலிருந்து தலைக்கு வர ஒரு நொடிதான்.

ஹெல்மெட் எதற்கு? மேலிருந்து விழும் ஒரு ஆணிக்கு, ஒரு மரத்துண்டுக்கு, குனிந்து நிமிரும்போது பீமில் இடிப்பதற்கு. பேலட்டுக்கு அல்ல. பேலட்டுக்கு எதிரான பாதுகாப்பு ஒன்றே ஒன்று: தூக்கியிருக்கும்போதும், பக்கத்துச் சந்தில் மேல்மட்ட வேலை நடக்கும்போதும் கீழே ஆள் இல்லாமல் இருப்பது. பக்கத்துச் சந்தையும் சேர்த்து மூடச் சொன்னால் "அதெல்லாம் ஆகிற காரியமா, டெலிவரி நிற்கும்" என்பார்கள். ஆகிற காரியம்தான்; ஒரு சங்கிலியும் இரண்டு கூம்புகளும் போதும்.

பாதுகாப்பு ஷூ காலைக் காப்பாற்றுமா?

ஐ.எஸ்.ஓ. 20345 தர ஷூவின் விரல் மூடி 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். 20 கிலோ பொருள் ஒரு மீட்டரிலிருந்து விழுந்தால் விரல் தப்பும். 15 கிலோநியூட்டன் அழுத்தம் என்றால் சுமார் 1,500 கிலோ எடை ஏறி நிற்பது. முழு லோடு ஏற்றிய 2.5 டன் வண்டியில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் அதைவிட அதிகம் சுமக்கும். அதோடு, அந்த மூடி விரல்களை மட்டும்தான் மூடுகிறது. புறங்கால் எலும்புகள் வெளியேதான் இருக்கின்றன. கையால் இழுக்கிற கைப்பேலட் வண்டிக்கும் விழும் பெட்டிக்கும் ஷூ பெரிய உதவி. ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ரேக் தூண் லேசாக வளைந்திருக்கிறது. "அது ரொம்ப நாளா அப்படித்தான்" என்கிறார்கள். பயன்படுத்தலாமா?

"ரொம்ப நாளா அப்படித்தான்" என்பதை அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு மீட்டர் நீள நேர்கோலை எடுத்துத் தூணில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய நடைமுறையில் வரம்பு இது: பீம் ஓடுகிற திசையில் வளைவு 5 மி.மீ., ரேக்கின் ஆழத் திசையில் 3 மி.மீ., தூண்களை இணைக்கிற குறுக்குச் சட்டங்களுக்கு 10 மி.மீ. இதற்குள் இருந்தால் பச்சை, கண்காணித்தால் போதும். வரம்பைத் தாண்டி இரண்டு மடங்கு வரை ஆரஞ்சு: இருக்கிற லோடை எடுத்த பிறகு, சரிசெய்யும் வரை புதிதாக வைக்கக் கூடாது. இரண்டு மடங்குக்கு மேல் சிவப்பு: உடனே காலி செய்ய வேண்டும்.

5 மி.மீ. என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. மெல்லிய தகட்டை மடித்துச் செய்த தூண் நேராக இருக்கும் வரைதான் அதற்குப் பலம். அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு நேராகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்படியே பீமின் இரண்டு முனையிலும் இருக்கிற லாக் பின்னையும் பாருங்கள். விரல் அளவு இரும்புத் துண்டு. அது இல்லாவிட்டால், பேலட்டை எடுக்கும்போது ஃபோர்க் கொஞ்சம் மேலே இடித்தாலே பீம் கழன்று வரும். இன்னொரு விஷயம், உயரமான சரக்கு வைக்கக் கீழ் பீமைக் கழற்றி மேலே மாட்டுவது. மாட்டுபவருக்கு அது அலமாரித் தட்டை மாற்றுகிற மாதிரி. ஆனால் கீழ்மட்டத்தில் பிடிப்பில்லாத தூணின் நீளம் கூடுகிறது, அது தாங்கும் எடை குறைகிறது. ரேக் முனையில் தொங்குகிற எடைப்பலகை அந்த நிமிடமே பொய்யாகிவிடுகிறது.

கைப்பேலட் வண்டியால் என்ன ஆகிவிடப் போகிறது?

குதிகால் கிழியும், விரல் நசுங்கும். 2,000 கிலோ வரை ஏற்றுகிற வண்டிக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. இழுத்துக்கொண்டு போனால் நீங்கள் நின்றதும் அது நிற்காது, குதிகாலில் வந்து ஏறும். முடிந்தவரை தள்ளிக்கொண்டு போங்கள். மோட்டாரில் ஓடுகிற வகையில், கைப்பிடித் தலையின் நுனியில் ஒரு பெரிய பட்டன் இருக்கும். ரிவர்ஸில் வரும்போது உங்கள் வயிற்றில் அது அழுந்தினால் வண்டி எதிர்த்திசையில் விலக வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போது உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டும்போது அந்த ஒரு பட்டன்தான் உங்கள் பக்கம்.

டாக்கில் லாரியோடு வேலை செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

லாரி நிற்கிறது என்று நினைக்காதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய்ப் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் லாரி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரலாம். பல தடவைக்கு அப்புறம் டாக்கையும் லாரியையும் இணைக்கிற தகட்டின் உதடு நுனியில் தொங்கும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை அதற்குத்தான்.

அதைவிட மோசம், உள்ளே வண்டி இருக்கும்போதே லாரி ஓட்டுநர் கிளம்பிவிடுவது. அவர் மீது தப்பு சொல்ல மாட்டேன். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், "முடிஞ்சிருச்சு" என்று யாரோ கத்தியது அவருக்கு இல்லை, பக்கத்து லாரிக்கு. சாவியை டாக் ஆபீசில் வாங்கி வைத்துவிட்டால் இந்தக் கதையே இல்லை.

வந்து நின்ற லாரியின் கதவைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். வழியில் சரிந்த சரக்கு கதவில் சாய்ந்து நின்றிருக்கும். பக்கவாட்டில் நின்று, ஒரு கதவை மட்டும் கொஞ்சமாக விடுங்கள். கைக்கு அழுத்தம் தெரிந்தால் திரும்ப மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். லாரி ரிவர்ஸில் வரும்போது அதற்கும் டாக் சுவருக்கும் நடுவே யாரும் இருக்கக் கூடாது, கைகாட்டுபவர் உட்பட.

கன்வேயரில் சிக்கின பெட்டியை எடுக்க நிறுத்த வேண்டுமா? ஒரு தட்டு தட்டினால் போய்விடுகிறதே.

நிறுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. சுவிட்சைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் வையுங்கள். நிறைய கன்வேயர்கள் சென்சாரைப் பார்த்துத் தாமாகவே நின்று தாமாகவே ஓடும். நின்றிருக்கிற பெல்ட் அணைந்த பெல்ட் அல்ல. பெல்ட் உருளைக்குள் நுழைகிற இடத்தில் கையுறை நுனி மாட்டினால் கை பின்னால் வராது, முன்னால்தான் போகும். சிக்கியிருந்த பெட்டியை விடுவித்ததும் பின்னால் நெருக்கிக்கொண்டிருந்த வரிசை முழுவதும் பாய்ந்து வரும், அதையும் மறக்காதீர்கள். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் கன்வேயர் பக்கத்தில் வேண்டாம்.

தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோமே?

கோடு நல்லதுதான். ஆனால் ஆறு டன் வண்டி கோட்டில் இடித்து நிற்காது. பேலட் வைக்க இடமில்லாத அன்று முதலில் நிரம்புவது நடைபாதைதான், ஆட்கள் வண்டிப் பாதையில் இறங்குவார்கள். ஆளும் வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இல்லாதபடி செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள்: தனிக் கதவு, இரும்புத் தடுப்பு, நடந்து எடுக்கிற வேலைக்கு ஒரு நேரம், வண்டி வேலைக்கு ஒரு நேரம். அதன் பிறகுதான் கண்ணாடி, வண்டி வருவதைத் தரையில் காட்டுகிற நீல விளக்கு, ஹாரன் எல்லாம். போஸ்டர் ஒட்டுவது கடைசி. பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது, போஸ்டர்தான் மலிவு.

மேலே ஒரு பல்பு மாற்ற வேண்டும். ஃபோர்க்கில் பேலட் போட்டு ஆளை ஏற்றலாமா?

கூடாது. ஆள் ஏற்றுவதற்கென்று செய்து, வண்டியோடு பூட்டி மாட்டிய கூண்டு இருந்தால், அதுவும் அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டும்.

ஒருவர் வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஓடி வருவார்கள்; மேலே இன்னும் என்ன தொங்குகிறது என்று ஒருவராவது பார்க்க வேண்டும். காப்பாற்றப் போனவர் மேல் மிச்ச சரக்கு விழக்கூடாது. வண்டியை நிறுத்தி மற்ற வண்டிகளையும் நிறுத்துங்கள். பெயர் சொல்லி ஒருவரை ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். "யாராவது கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நெஞ்சோ கழுத்தோ அழுந்தி மூச்சு விட முடியவில்லை என்றால் உடனே அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். மற்ற இடங்களிலும், மேலும் காயமாகாமல் விடுவிக்க முடிந்தால் தாமதிக்காதீர்கள். வண்டியை நகர்த்துபவர் ஓட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். பதற்றத்தில் தவறான லீவரை இழுத்தவர்கள் உண்டு. எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்கு வெளியே எடுத்தீர்கள் என்று கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார். நீண்ட நேரம் நசுங்கியிருந்தால், விடுவிக்கும் முன்பே அவசர எண்ணில் பேசுபவரிடம் அதைச் சொல்லி அவர் சொல்படி செய்யுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால், அங்கே வேறு ஆபத்து இல்லாதவரை அசைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது.

வெளியே பெரிய காயம் இல்லை. வீட்டுக்குப் போய்விடலாமா?

எனக்கு மிகவும் பயமான கேள்வி இதுதான். அடிபட்டவர் எழுந்து நின்று, தூசி தட்டி, "ஒண்ணும் இல்லண்ணே" என்பார். ஷிப்ட் முடிக்கக்கூடச் செய்வார்.

நசுங்கிய காலிலோ கையிலோ தசை வீங்க ஆரம்பிக்கும். தசையைச் சுற்றியுள்ள உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும். காயத்தைப் பார்த்தால் சிறியது, வலியோ நேரம் ஆக ஆகத் தாங்க முடியாமல் போகும். கால் கல் மாதிரி இறுகும், விரலை மெல்ல நீட்டினாலே உயிர் போகும், மரத்துப்போகும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை விடுவிக்காவிட்டால் தசை செத்துவிடும். வலிமாத்திரை போட்டுத் தூங்கினால் விடிகிறபோது காலம் கடந்திருக்கும். சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் அதுவும் அவசரம். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம்.

தலையில் அடி என்றால் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல். வயிறு அழுந்தியிருந்தால் வயிறு இறுகுவது, மயக்கம், தோள் பக்கம் வலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால் அறிகுறி இல்லாவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும்.

"கவனக்குறைவு" என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தவறு என்னுடையது என்றால் இழப்பீடு கிடைக்காதா?

வேலையில் அடிபட்டவருக்கான இழப்பீட்டுச் சட்டங்கள் பல நாடுகளில் யார் தவறு என்று பார்ப்பதில்லை. வேலை செய்யும்போது அடிபட்டதா என்பதுதான் கேள்வி. குடித்திருந்தது, வேண்டுமென்றே செய்தது போன்றவைதான் வழக்கமான விலக்குகள். ஆனால் தகவல் கொடுப்பதற்குக் கெடு இருக்கும், அது நாட்டுக்கு நாடு மாறும், அதைத் தவறவிடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் யார் உங்கள் முதலாளி என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட பிறகு இரண்டு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

வலியில் இருக்கும்போது படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். உங்கள் பக்கத்து விவரத்தை நீங்களே எழுதுங்கள்: நேரம், சந்து எண், வண்டி எண், லோடு என்ன, பார்த்தவர் யார், வெளிச்சம் எப்படி இருந்தது, அன்று எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தீர்கள். உடைந்த பேலட், கழன்ற லாக் பின் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த இடம் பெருக்கிச் சுத்தமாக இருக்கும். கேமராப் பதிவும் சில நாளில் அழிந்து புதிது ஏறிவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள்.

"கவனக்குறைவு" என்று எழுதிய அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் நான் ஒன்று கேட்பேன்: இதே இடத்தில் இன்னொருவர் நின்றிருந்தால் அடிபட்டிருப்பாரா? ஆமாம் என்றால் அந்த அறிக்கை இன்னும் முடியவில்லை.

பழுதான வண்டியை ஓட்டச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் எண் உடன்படிக்கை இதைப் பேசுகிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி விலகிய தொழிலாளியை அதற்காகத் தண்டிக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சங்கத்திலோ தொழிலாளர் துறையிலோ கேளுங்கள்.

நடைமுறையில் "ஓட்ட மாட்டேன்" என்பதைவிட, தினசரிச் சோதனைத் தாளில் "பிரேக் இழுக்கிறது, ஓட்டுவதற்கு ஏற்றதல்ல" என்று எழுதி, சாவியோடு சூப்பர்வைசர் கையில் கொடுப்பது நன்றாக வேலை செய்யும். அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு "பரவாயில்லை ஓட்டு" என்று சொல்ல எனக்கே தைரியம் வந்ததில்லை.

யாருக்கும் அடிபடவில்லை, சும்மா பெட்டிதான் விழுந்தது. அதையும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். ஆனால் எழுதினவரைத் திட்டினால் அடுத்த வாரத்திலிருந்து நோட்டு காலியாக இருக்கும், "சம்பவம் ஏதுமில்லை" என்று மேலிடத்துக்குச் சந்தோஷமான கணக்கும் போகும். நான் மேலே சொன்ன பெயின்ட் டப்பா விஷயத்துக்குப் பிறகு பழைய நோட்டைப் புரட்டினேன். அதே சந்து, அதே மட்டம், ஐந்து வாரத்துக்கு முன்பு: "பேலட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, உள்ளே தள்ளி வைத்தேன்." கீழே என் கையெழுத்து இருந்தது.